துரு தொடங்குவது தகடு சேரும் இடத்தில்!
சிறு சுமை வண்டியின் பெயிண்டைக் காக்கும் எளிய முறைகள்

சித்திரை பிறந்து, இராஜபாளையம் வட்டார மாந்தோப்புகளில் காய் பறிப்புத் தொடங்கிவிட்டால் சிறு சுமை வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. சேத்தூர், தேவதானம் பகுதிகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கூடை கூடையாகச் சந்தைக்கு வருகின்றன. மாம்பழம் ஓய்ந்தால் தேங்காய். அதன் பிறகு உர மூட்டை, மக்காச்சோளம், பருத்தி என்று வண்டிக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பால் கேன்களும் இதே வண்டிகளில்தான் பால்கோவா அடுப்புகளுக்குப் போகின்றன.

ஒரு காலத்தில் இந்தச் சுமையெல்லாம் மாட்டு வண்டியில் போயிற்று. 2005 ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்ற சிறிய நான்கு சக்கர வண்டியைக் கொண்டு வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 2011 இல் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் 'தோஸ்த்' வந்தது. இன்று நான்கைந்து ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகள் பலரும் கடன் பெற்று இத்தகைய வண்டியைச் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். நிலத்துக்கும் வீட்டுக்கும் அடுத்தபடி அவர்களிடம் உள்ள பெரிய சொத்து இதுவே.

மாட்டின் லாடம் தேய்ந்தால் உடனே கவனிப்பவர் விவசாயி. கோமாரிக்குத் தவறாமல் தடுப்பூசி போடுகிறார். வண்டியின் எஞ்சினுக்கும் நாள் பார்த்து ஆயில் மாற்றிவிடுகிறார். ஆனால் தொட்டியின் மூலையில் பெயிண்ட் தேய்ந்து பழுப்பு நிறம் தெரிந்தால் மட்டும், "பெயிண்ட்தானே, எஃப்.சி. சமயத்தில் அடித்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார். நட்டம் தொடங்குவது அங்கேதான்.

கடன் தீரும்போது தகடும் தீர்ந்துவிடலாமா?

மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் மாவும் தென்னையும் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுத் தவணையில் வண்டி வாங்குகிறார். தவணை தீர்ந்த பிறகு வண்டி ஓடித் தரும் ஒவ்வொரு ரூபாயும் அவருக்கே சொந்தம். ஆகவே, வண்டியின் உண்மையான இலாபம் ஆறாவது ஆண்டில்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டில் தொட்டியின் தரை ஓட்டையாகி, கதவின் அடி ஓரம் உதிர்ந்து, பின் கதவின் கீல் பிய்ந்து நின்றால் என்ன ஆகும்? டிங்கரிங் பட்டறையில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் செலவு, கையில் வந்திருக்க வேண்டிய இலாபத்தைத் தின்றுவிடும். விற்கலாம் என்றாலும், வாங்க வருபவர் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பது அந்த ஓரங்களைத்தான்.

சட்டத்தின் பார்வையிலும் இது கவனிக்க வேண்டிய விஷயம். புதிய சுமை வண்டிக்குத் தகுதிச் சான்று முதலில் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் துருவின் மேலேயே பட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் காட்டுவது பலரது வழக்கம். அன்றைக்கு வண்டி பளபளக்கும். உள்ளே துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்டது போலத்தான் இது.

துரு ஏன் ஓரத்தில் தொடங்குகிறது?

வண்டியின் நடுத் தகடு பல ஆண்டுகள் நன்றாக இருக்க, இரண்டு தகடுகள் சேரும் இடம் மட்டும் முதலில் கெடுகிறது. இதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, பெயிண்டின் கனம். கம்பெனியில் அடிக்கப்படும் பெயிண்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் இந்தக் கனம் நிற்கும். கூரான ஓரத்திலோ, பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே இரு பக்கமும் இழுபட்டு விலகிவிடும். எனவே, அதிக அடி படுகிற ஓரத்தில்தான் பெயிண்ட் மிகக் குறைவாக இருக்கிறது.

இரண்டாவது, உராய்வு. வண்டி குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில் போகும்போது சட்டம் முறுகுகிறது. முன்னால் உள்ள கேபினும் பின்னால் உள்ள தொட்டியும் தனித்தனியாக அசைகின்றன. பின் கதவும் பக்கக் கதவுகளும் கொண்டியில் கிடந்து ஆடுகின்றன. தகட்டோடு தகடு சிறிது சிறிதாக உரசுகிறது. இடையில் மண் துகள் சிக்கிக்கொண்டால் அது உப்புத்தாள் போல வேலை செய்யும்.

மூன்றாவது, ஈரம். இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள நூல் அளவு இடைவெளி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே வெயிலில் தகடு காய்ந்துவிடும். உள்ளே ஈரம் பல நாள் தங்கும். அந்த இடுக்கின் உட்பகுதிக்குக் காற்று சரிவரப் போவதில்லை. ஒரே தகட்டில் காற்றுப் படும் இடமும் படாத இடமும் ஈரத்தால் இணைந்திருந்தால், சிறு மின்கலம் போன்ற நிலை உண்டாகி, காற்றுப் படாத இடத்து இரும்பு கரையத் தொடங்கும். இதனால்தான் வெளியே ஒரு புள்ளி தெரியும்போது உள்ளே ஒரு விரல் அகலம் அரித்திருக்கிறது.

நான்காவது, துருவின் பருமன். துருவாக மாறிய இரும்பு, பழைய இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். ஆகவே, இடுக்கில் பிறந்த துரு ஆப்பு வைத்தது போல இரு தகடுகளையும் விலக்குகிறது. இடைவெளி பெரிதாகிறது, இன்னும் அதிகத் தண்ணீர் நுழைகிறது. ஒரு முறை தொடங்கிவிட்டால் துரு தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் என்று சொல்வது இதனால்தான்.

நம் வட்டாரத்துச் சுமையும் ஒரு காரணம்

பனி பெய்யும் நாடுகளில் சாலையில் பனிக்கட்டியைக் கரைக்க உப்புத் தூவுகிறார்கள். அங்கே வண்டிகள் விரைவில் துருப்பிடிப்பது அந்த உப்பினால்தான். நம் சாலையில் யாரும் உப்புத் தூவுவதில்லை. ஆனால் உப்பை நாமே மூட்டையில் கட்டித் தொட்டியில் ஏற்றிக்கொள்கிறோம்.

மூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தை எடுத்துக்கொள்வோம். காய்ப்புக்கு வந்த தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பரிந்துரை. நூறு மரத்துக்கு 200 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையாக நான்கு. இந்த உரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி குளோரின்தான். மூட்டையின் தையலிலிருந்து சிந்தும் தூள் தொட்டியின் மூலையில் படிந்து, மழை ஈரத்தில் கரைந்து இடுக்கில் இறங்கினால், சாப்பாட்டு உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். சூப்பர் பாஸ்பேட், அம்மோனியம் சல்பேட் ஆகியவற்றில் புளிப்புத் தன்மை உண்டு. யூரியா தன் பங்குக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தகட்டை நனைத்து வைக்கும்.

பால் சிந்தினால் புளித்து அமிலமாகிறது. மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பெயிண்டில் கறையாகப் பிடித்து மேல் பூச்சைக் கெடுக்கும். தொழு உரமும் மாட்டுச் சிறுநீரும் சொல்லவே வேண்டியதில்லை. கிழக்கே கரிசல் காட்டுச் சேறு மட்கார்டின் உள் மடிப்பில் அப்பிக்கொண்டு, ஈரத் துணியைச் சுற்றி வைத்தது போல நாள் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளம் போய் வரும் வண்டிகளுக்கு, ஆனி, ஆடியில் மேற்கே தென்மேற்குப் பருவ மழையும் கிழக்கே புழுதிக் காற்றுமாக இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து உப்போ கருவாடோ ஏற்றி வரும் வண்டியை ஊர் வந்ததும் அன்றைக்கே கழுவுதல் அவசியம்.

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

மாதம் ஒரு முறை, வண்டியைக் கழுவிக் காய வைத்த பிறகு, கீழ்க்கண்ட இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

1. தொட்டியின் தரையும் பக்கத் தகடும் சேரும் நான்கு மூலைகள், ஓரங்கள்.

2. பின் கதவு, பக்கக் கதவுகளின் மேல் விளிம்பு, கீல், கொண்டி, சங்கிலி உரசும் இடம்.

3. கேபினின் பின்புறமும் தொட்டியின் முன்புறமும் எதிர் எதிராக நிற்கும் இடைவெளி. மூட்டைச் சணலும் வைக்கோலும் இங்கே சிக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

4. கேபின் கதவுகளின் அடி மடிப்பு. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழை நீர் வடிவதற்கு அங்கே சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும்.

5. மட்கார்டின் உள் மடிப்பு, முன் கண்ணாடியின் கீழ் ஓரம், கூரையின் நீர்த் தாரை.

6. வண்டி வாங்கிய பிறகு உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கட்டிய கம்பிக் கூண்டு, ஏணி, கூடுதல் பலகைச் சட்டம். வெல்டிங் சூட்டில் தகட்டின் மறுபக்கத்துப் பெயிண்ட் எரிந்துபோயிருக்கும். மேல் பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்து விடுவதால், துரு மறுபக்கத்தில் தொடங்குகிறது.

பெயிண்ட் குமிழியாக எழும்பியிருந்தாலும், இடுக்கிலிருந்து பழுப்புக் கோடு வழிந்திருந்தாலும் உள்ளே துரு இருக்கிறது என்று பொருள். சந்தேகமான இடத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென்று கேட்கும். அரித்த தகடு மொத்தென்று ஒலிக்கும்.

காலம் எது?

விதைப்புக்குப் பட்டம் இருப்பது போல இந்த வேலைக்கும் பட்டம் உண்டு. சித்திரை முதல் ஆனி வரை மாம்பழ வேலை இருப்பதால் வண்டியை நிறுத்த முடியாது. ஆடியில் காற்று புழுதியை வாரி ஈரப் பெயிண்டில் ஒட்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவ மழை பிடித்துக்கொள்ளும். எனவே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து, ஆவணி பிறந்ததும் இரண்டு மூன்று நாள் வண்டியை நிறுத்தி இந்த வேலையை முடித்துக்கொள்வது நலம். மழைக்கு முன் வீட்டுக் கூரையைச் சரிபார்ப்பது போல இதையும் ஆண்டு வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை

கழுவுதல்: உரத் தூள் இருந்தால் முதலில் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி எடுக்க வேண்டும். கூட்டாமல் தண்ணீர் ஊற்றினால் உப்பைக் கரைத்து இடுக்கில் விட்டதாகும். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரைத் தாராளமாக விட்டு அலச வேண்டும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் கடைசியாக நல்ல தண்ணீரில் ஓர் அலசு அவசியம். கதவுகளையெல்லாம் திறந்து, பின்புறம் சற்றுத் தாழ்வாக இருக்குமாறு நிறுத்தி, ஒரு முழு நாள் வெயிலில் காய விட வேண்டும்.

துருவை நீக்குதல்: குமிழியைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80 எண் உப்புத்தாளும் அதன் பின் 220 எண் உப்புத்தாளும் போட்டுப் பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். சுற்றியுள்ள நல்ல பெயிண்டின் விளிம்பையும் படி தெரியாமல் சரிவாகத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் கட்டாயம். இடுக்கினுள் கை எட்டாத துருவுக்குக் கடைகளில் கிடைக்கும் துரு மாற்றித் திரவத்தைத் தடவலாம். இவற்றில் பல பாஸ்பாரிக் அமிலத்தைக் கொண்டவை. துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிக் கட்டிவிடுகின்றன. தில்லியில் 1600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூணில் பாஸ்பரஸ் அதிகமாக இருப்பதும் அது துருவால் அழியாமல் நிற்பதற்கு ஒரு காரணம் என்பது அறிஞர் முடிவு. திரவத்தைக் கையுறை அணிந்து தடவி, புட்டியில் எழுதியுள்ளபடி காய விட வேண்டும். உதிரும் துருவைத் தேய்க்காமல் அதன் மேல் ஊற்றுவதால் பயன் இல்லை.

பிரைமர்: தேய்த்த இரும்பைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு வெறுமனே விட்டாலும் பனி ஈரத்தில் புதுத் துரு பூத்துவிடும். இரு புட்டிகளைக் கலந்து அடிக்கும் எப்பாக்சி பிரைமர் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடிக்கலாம். ஜிங்க் குரோமேட் கலந்த பிரைமர் துருவைத் தடுக்கும் என்றாலும் அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. அது அடித்த தகட்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. முதலில் சிறு பிரஷ்ஷால் ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் மட்டும் ஒரு கை பூசிவிட்டு, பிறகு முழுவதும் இரண்டு கை பூச வேண்டும். ஓரத்தில் பெயிண்ட் மெலிந்துபோகும் குறை இதனால் தீரும்.

இடுக்கை அடைத்தல்: பிரைமர் காய்ந்த பிறகு, தரையும் பக்கத் தகடும் சேரும் கோடு நெடுக வண்டி பாடிக்கென்று விற்கும் பாலியூரித்தேன் சீலண்டை இழுக்க வேண்டும். ஏழடி நீளம், ஐந்தடி அகலம் உள்ள தொட்டிக்குச் சுற்றளவு 24 அடி. 300 மில்லி குழாய் ஒன்றை 6 மில்லி மீட்டர் கனத்தில் இழுத்தால் ஏறக்குறைய 33 அடி வரும். ஆகவே ஒரு வண்டிக்கு ஒரு குழாய் தாராளமாகப் போதும். சோப்பு நீரில் நனைத்த விரலால் அதை அழுத்தித் தடவி, ஓரம் தூக்கி நிற்காமல் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் மூன்று தவறுகள் சாதாரணமாக நடக்கின்றன. பட்டியை இடுக்கில் அப்புவது முதல் தவறு. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அசையும் இடத்தில் வெடித்தும் போகும். தண்ணீர்க் குழாய் ஒழுகலுக்கு உருட்டி ஒட்டும் கடினமான எப்பாக்சி மாவை வைப்பது இரண்டாவது. அது கல்லாக இறுகி, வண்டி முறுகும்போது விரிந்துவிடும். சன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் சிலிக்கான் பசையை இழுப்பது மூன்றாவது. அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது. புளித்த காடி வாசனை அடிக்கும் வகையோ தானே இரும்பை அரிக்கக்கூடியது.

எதை அடைத்தாலும் வடிகால் துளையை மட்டும் அடைக்கக் கூடாது. மடை அடைபட்ட வயலில் பயிர் அழுகுவது போல, துளை அடைபட்ட கதவு உள்ளிருந்தே அழுகிப்போகும்.

மேல் பெயிண்ட்: சீலண்ட் உலர்ந்ததும் மெல்லிய பூச்சாக இரண்டு கை அடிக்க வேண்டும். ஒரே கையாகக் கனமாக அடித்தால் வழிந்து, உள்ளே காயாமல் நின்று, பிறகு தோலாக உரியும். மப்பும் மந்தாரமுமாக உள்ள நாளில் பெயிண்ட் அடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

உள்கூடு: கதவின் உட்புறம், பக்கச் சட்டத்தின் உட்புறம் போன்ற கை நுழையாத இடங்களுக்கு மெழுகு வகைப் பாதுகாப்புத் திரவத்தை வடிகால் துளை வழியாகக் குழாய் விட்டுப் பீய்ச்சலாம். அடித்த பிறகு துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பூசும் வழக்கத்தை விட்டுவிடுதல் நலம். அது புழுதியைப் பிடித்து வைப்பதோடு ரப்பர் புஷ்களை ஊதிக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் ஆபத்து. மழையில் வழிந்தால் நம் நிலமும் கிணறும் கெடும்.

வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகே தொடங்கச் சொல்ல வேண்டும். முடிந்ததும் தகட்டின் இரு பக்கமும் தேய்த்துப் பிரைமர் அடித்தால்தான் வேலை முடிந்ததாகப் பொருள்.

உரசலைத் தடுக்கும் சிக்கன வழிகள்

துருவுக்கு வழி திறப்பது உரசல்தான். அதைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

பின் கதவு ஓட்டத்தில் 'கடகட' என்று சத்தம் போட்டால் கொண்டி தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை இறுக்கி, கதவு வந்து மோதும் இடத்தில் சிறு ரப்பர் கட்டை பொருத்த வேண்டும். சத்தம் நின்றால் உரசலும் நின்றது. தொங்கும் சங்கிலிக்குப் பழைய சைக்கிள் ட்யூபை உறையாகப் போடலாம்.

பருத்தித் தாட்டும் வைக்கோலும் ஏற்றி இறுக்கும்போது கயிறு விளிம்பில் அறுத்துப் பெயிண்டை எடுக்கிறது. சொட்டு நீர்ப் பாசனத்தில் கழித்துப்போட்ட 16 மில்லி மீட்டர் பக்கவாட்டுக் குழாய் பல தோட்டங்களில் சும்மா கிடக்கும். அதை நீளவாக்கில் கீறி விளிம்பில் கவ்வ விட்டால் நல்ல காப்பு. ஆனால் வாரம் ஒரு முறை கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழாயே தண்ணீரைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும். தரையில் போடும் ரப்பர் பாய்க்கும் பலகைக்கும் இதே விதிதான்.

தார்ப்பாய் காற்றில் படபடத்து அடித்தால் அதிலுள்ள மணல் பெயிண்டை மழுக்கிவிடும். தார்ப்பாயை உதறிக் கழுவி, ஆடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும்.

கேபின் கதவின் ஓரம், எஞ்சின் மூடி மட்கார்டோடு சேரும் ஓரம் போன்ற இடங்களுக்குக் கண்ணாடி போன்ற தெளிவான ஒட்டுப் படலம் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. ஓரத்தைச் சோப்பு நீரில் கழுவி, நன்கு காய வைத்து, பெயிண்ட் முழுமையாக உள்ள இடத்தில் மட்டுமே இதை ஒட்ட வேண்டும். கீறல் விழுந்து இரும்பு தெரியும் இடத்தில் ஒட்டினால் துருவுக்குப் போர்வை போர்த்தியதாகும். புதிதாகப் பெயிண்ட் அடித்த இடத்தில் சில வாரம் கழித்தே ஒட்டலாம். படலத்தின் ஓரம் தூக்கினால் உடனே உரித்துப் புதிது ஒட்ட வேண்டும்.

அன்றாடப் பழக்கம்

உரம் ஏற்றும் நாளில் அடியில் பழைய தார்ப்பாய் விரித்து, இறக்கியதும் கூட்டிக் கழுவ வேண்டும். பால் சிந்தினால் அடுத்த நடைக்கு முன் ஒரு குடம் தண்ணீர் விட வேண்டும். மாங்காய்ப் பால் கறையை அன்று மாலையே சோப்பு நீரால் துடைக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் தேங்காதபடி சற்றுச் சரிவான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். புதுக் கீறல் கண்ணில் பட்டால், துடைத்து, தேய்த்து, சிறு பிரஷ்ஷால் பிரைமரும் பெயிண்டும் தொட்டு வைக்க வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் போதும். பெயிண்ட் டப்பாவில் மீதி இருப்பதை இறுக மூடி வீட்டில் வைத்திருந்தால் இந்த வேலைக்குச் செலவும் இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் தகடு விரல் அழுத்தத்துக்கே உள்வாங்கினால், அது பூச்சால் தீரும் நோய் அல்ல. அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைப்பதே முறை. முக்கியமாக, கேபினும் தொட்டியும் சட்டத்தின் மேல் உட்காரும் போல்ட் இடங்களில் இப்படி இருந்தால், சுமை ஏற்றுவதை நிறுத்திவிட்டு உடனே பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே போவது பெயிண்ட் மட்டுமல்ல. ஓட்டுபவரின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

களையை இரண்டு இலையில் கிள்ளினால் விரல் போதும். விட்டுவிட்டால் மண்வெட்டி வேண்டும். துருவும் அப்படித்தான். ஆவணியில் ஒரு குழாய் சீலண்டும், ஒரு டப்பா பிரைமரும், இரண்டு மூன்று நாள் வேலையும் செலவிடும் விவசாயிக்கு, கடன் தீரும் நாளில் வண்டி முழுதாகக் கையில் இருக்கும். அடுத்த சித்திரையிலும் அதே தொட்டியில் மாம்பழக் கூடை ஏறும்.